முசேவுக்கு வைத்த கொள்ளி

அம்மாவாசைக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. மற்றபடி அவனிடம் ஒரு குறையும் கிடையாது. குடிக்க மாட்டான். கைநீளம் இல்லை. காலையில் சொன்ன வேலையைச் சாயங்காலம் மறக்க மாட்டான். பெரிய மார்க்கெட்டுக்குக் கொள்ளு வாங்கப் போனால், திரும்பி வரும்போது தெருவில் பாதிப் பேருடைய வாழையிலையும் பூசணிக்காயும் அவன் தலையில் இருக்கும். ‘வர்ற வழிதானே அம்மாவாச’ என்பார்கள். அது வர்ற வழியே இல்லை. ஆனாலும் சரி என்று வாங்கிக்கொள்வான். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கியிருந்தான். ஒரு ஆளுக்கு ஊர் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவனை நிம்மதியாக விடாது.

ரெட்டியார்பாளையத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் அவனுடையது. மீசை அரும்புகிற வயதில் புதுச்சேரி டவுனுக்குக் கூட்டிவந்து சக்கரபாணி வீட்டு லாயத்தில் விட்டுப்போனார்கள். சக்கரபாணி பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷியாக இருந்தவர். பகல் முழுக்க வெள்ளைக்கார நீதிபதிக்கு முன்னால் நின்றுகொண்டு ‘வுய் முசே, வுய் முசே’ என்று தலையாட்டுவதுதான் அவர் உத்தியோகம். வுய் என்றால் ஆமாம்; நாம் துரை என்று சொல்கிற இடத்தில் அவர்களுக்கு முசே. அதனால் சொந்தமாக ஒரு குதிரை வாங்கியதும், வேறு பேரே யோசிக்காமல் அதற்கு முசே என்று பெயர் வைத்துவிட்டார். கோர்ட் விட்டதும் பெட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ‘முசே, நட! முசே, வாய மூடு! முசே, உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு!’ என்று தெரு முழுக்கக் கேட்க அதட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தச் சுகத்துக்காகத்தான் அவர் குதிரையே வைத்திருந்தார் என்று அம்மாவாசை நினைப்பான். சிரித்துக்கொள்வான்.

குதிரைக்கு அந்த அதட்டலெல்லாம் காதில் ஏறாது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளை, நடையில் பெரிய மனுஷத்தனம். அது கேட்பது அம்மாவாசை பேச்சை மட்டும்தான். அவன் கையால் வைத்தால்தான் கொள்ளைத் தொடும். அவன் பக்கெட்டைத் தூக்கி வந்தால்தான் தண்ணீர் குடிக்கும். முதலில் அம்மாவாசைக்கு இது பெருமையாக இருந்தது. தன்னை வேறு யாரும் அப்படித் தேடியதில்லை.

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறுவதற்கு இரண்டு வருஷம் முன்பே சக்கரபாணி காலமாகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. வண்டியை விற்றார்கள். வயதான குதிரையை வாங்க ஆளில்லை. ஆள் வந்திருந்தாலும் சுலோசனா அம்மா விற்றிருக்க மாட்டார். சக்கரபாணியின் சம்சாரம் அவர். புருஷன் போன பிறகு அதிகம் வெளியே வருவதில்லை. சாயங்காலம் மட்டும் பின்கட்டுக்கு வந்து லாயத்து வாசலில் நின்று, “முசே, உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு” என்று புருஷன் சொன்னதை மெல்லச் சொல்வார். குதிரை காதை ஆட்டும். அதற்காக ஆட்டியதோ ஈக்காக ஆட்டியதோ, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

அம்மாவாசைக்குக் கல்யாணம் செய்துவைத்ததும் அந்த வீடுதான். பாகூர்ப் பக்கத்துப் பெண், சின்னப்பொண்ணு. வாயும் கையும் ஒன்றாக வேலை செய்கிற பெண். லாயத்தை ஒட்டிய சாய்ப்பில் குடித்தனம் வைத்தார்கள். புருஷன் குதிரையைப் பார்த்துக்கொள்வான், அவள் வீட்டைப் பெருக்குவாள், பாத்திரம் கழுவுவாள், தலைவலித்தால் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடுவாள். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. மூத்தது ஓடியாட ஆரம்பித்ததும் அம்மா அதைக் கூப்பிட்டு, “அந்தச் செம்ப எடுத்தா கண்ணு” என்று பிரியமாகத்தான் சொன்னார். குழந்தை செம்பை எடுத்துக்கொண்டு போனதைச் சின்னப்பொண்ணு பார்த்தாள். அந்த வாரமே இரண்டு குழந்தைகளையும் இடுப்பிலும் கையிலுமாகப் பிடித்துக்கொண்டு பாகூரில் அண்ணன் வடிவேல் வீட்டுக்குப் போய்விட்டாள். “எம் பொண்ணுங்க வேற எங்கனா வளரட்டும். நீயும் வந்துடு” என்றாள்.

போகத்தான் நினைத்தான். போனான்கூட. இரண்டு நாள் இருப்பான், மூன்றாம் நாள் ஆள் வந்து நிற்கும். “முசே தண்ணி குடிக்கல. அம்மா கையோட கூட்டியாரச் சொன்னாங்க.” சின்னப்பொண்ணு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அம்மாவாசை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வான். சின்னவள் அவனை யாரோ என்று நினைத்து அழுவாள். ஒரு தடவை சின்னப்பொண்ணு கேட்டேவிட்டாள், “அது எப்பதான் சாவும்?”

“அப்டிச் சொல்லாத. வாயில்லா ஜீவன்.”

“நான் மட்டும் இன்னா? எனக்கு வாய் இருந்து என்னா பிரயோஜனம்?”

“அது போனதும் வந்துடறேன். சத்தியமா.”

இப்படி ஒரு சத்தியத்தைச் செய்துவிட்டு அவன் திரும்பி வந்து செய்த வேலையைக் கேளுங்கள். குதிரைக்குப் பல் விழ ஆரம்பித்திருந்தது. கொள்ளை மெல்ல முடியவில்லை. விட்டிருந்தால் அந்த வருஷமே கதை முடிந்திருக்கும். இவன் விடியலில் எழுந்து கொள்ளைக் குழைய வேகவைத்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, ஆறவைத்து, உருண்டை உருண்டையாக அதன் வாயில் ஊட்டினான். அருகம்புல்லை அரிவாளால் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டான். மார்கழிக் குளிருக்குச் சாக்கு போர்த்தினான். அது செத்தால்தான் தனக்கு வழி என்று தெரியும்; ஆனாலும் அதைச் சாகவிடாமல் காப்பாற்றியது அவன் கைதான். வேறு மாதிரி செய்ய அவனுக்குத் தெரியாது.

கொடி மாறி நாலாவது தை. வடிவேல் பாகூரில் ஒரு ரெட்டியார் நிலத்தை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு எடுத்திருந்தான். கிணறு இருக்கிறது, மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடலாம், கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்த அம்மாவாசையிடம் சொல்லிவிட்டான். “மாப்ள, நீ வந்தா நல்லாருக்கும். வர்றது நம்ம குடும்பத்தோட போயிடும். விதைக்கிற வரைக்கும் பாப்பேன். வரலேன்னா வேற ஆளத்தான் சேர்த்துக்கணும், வருத்தப்படாத.” அம்மாவாசை சரி என்றான். அவன் எல்லாவற்றுக்கும் சொல்கிற சரிதான் அது.

திரும்பி வந்த வாரம், காலையில் கொள்ளு உருண்டையோடு லாயத்துக்குள் போனான். குதிரை படுத்திருந்தது. இது படுக்கிற குதிரை இல்லை, நின்றபடியே தூங்கும். கிட்டப் போய்க் கழுத்தைத் தொட்டான். சூடு இருந்தது, மூச்சு இல்லை.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. முதலில் வந்தது அதுதான், மறைப்பதற்கில்லை. மார்மேல் கிடந்த எதையோ யாரோ எடுத்துவிட்ட மாதிரி ஒரு மூச்சு விட்டான். விட்ட மறுகணமே வெட்கம் வந்து, உருண்டையைக் கீழே போட்டுவிட்டு, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். இரண்டும் நிஜம்தான்.

அழுகைச் சத்தம் கேட்டு சுலோசனா அம்மா பின்கட்டுக்கு ஓடிவந்தார். பார்த்தார். தலையில் அடித்துக்கொள்ளவில்லை, கத்தவில்லை. லாயத்து வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவரு இன்னிக்குத்தான் போனாரு” என்று மட்டும் சொன்னார்.

அம்மாவாசை கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். உடம்பு விறைத்துவிட்டால் காலை மடக்க முடியாது. சூடு ஆறுவதற்குள் நாலு காலையும் மடக்கிக் கயிறு போட்டான். செத்த ஆடுமாட்டை அள்ளிக்கொண்டு போக மேரியிலிருந்து வண்டி வரும். நகராட்சியை அந்த ஊரில் மேரி என்பார்கள். அதில் போட்டுத் தரதரவென்று இழுத்துப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மாவுக்கும் அந்த எண்ணம் இல்லை. அவர் மனசில் வேறு இருந்தது.

“கிணத்தடியில வேப்பமரம் இருக்குதே, அது பக்கத்துல குழி எடுக்கச் சொல்லு” என்றார். “மேல ஒரு மேடை கட்டிடலாம். அதுல ஒரு மாடக்குழி வச்சு, தினம் சாயங்காலம் விளக்கு. நீ இருக்கிற வரைக்கும் விளக்குக்கு என்ன கவலை?”

நீ இருக்கிற வரைக்கும். அம்மாவாசைக்குக் கையில் பிடித்திருந்த கயிறு நழுவியது. அந்த மேடை கட்டி முடித்துச் சுண்ணாம்பு அடித்து நிற்பதை அப்போதே கண்ணால் பார்த்துவிட்டான். மாடக்குழியில் விளக்கு. திரி போட, எண்ணெய் ஊற்ற, காற்றில் அணைந்தால் திரும்ப ஏற்ற அவன். குதிரையாவது கிழமாகும், பல் விழும், ஒரு நாள் போய்ச் சேரும். மேடைக்குச் சாவு உண்டா? உயிரோடு இருந்தபோது கட்டிப்போட்டது போதாது என்று செத்த பிறகும் கட்டிப்போடப் பார்க்கிறதே என்று அந்தச் செத்த ஜீவன்மீது அவனுக்கு ஆத்திரம்கூட வந்தது.

“வேணாம்மா” என்றான்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். இந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லை. அவனுக்கே குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“எரிச்சிடலாம்மா.”

“என்னடா சொல்ற? குதிரைய யாராவது எரிப்பாங்களா? எங்க பார்த்திருக்க?”

ஏதாவது காரணம் சொல்ல வேண்டும். எரித்துக் கடலில் கரைத்தால் எனக்கு எதுவும் மிஞ்சாது, நான் பஸ் ஏறிவிடலாம் என்றா சொல்ல முடியும்? எங்கிருந்து வந்ததோ, வாய் தானாகப் பேசியது.

“ஐயாவ எரிச்சோம். ஐயாவோட அப்பாவ எரிச்சாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. இந்த வூட்ல யாரயாவது பொதச்சிருக்கோமாம்மா? முசே மட்டும் என்னா, வெளியாளா?”

அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. புருஷனுக்கு அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதார் என்று பக்கத்து வீட்டில் பிறகு பேசிக்கொண்டார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, எழுந்து நின்றார்.

“நீ சொல்றதுதான் சரி. எனக்குத் தோணாமப் போச்சு பாரு. இது நம்ம வீட்டுச் சாவு. எல்லாம் நம்ம வழக்கப்படியே நடக்கட்டும். கொள்ளி யாரு வைக்கிறது?”

“நான் வைக்கிறேம்மா.”

யோசிக்காமல் சொன்னான். வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு நெருப்பை வைத்தால் தீர்ந்தது என்றுதான் அவன் நினைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பேச்சில் ஜெயித்துவிட்ட சந்தோஷம் வேறு. ‘நம்ம வழக்கப்படி’ என்று அம்மா சொன்னதை அவன் காது வாங்கவே இல்லை.

சுடுகாட்டு வெட்டியான் கலியமூர்த்தியிடம் போனான். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “என்ன வம்புல மாட்டி வுடாத அம்மாவாச. எங்கப்பன் எரிஞ்ச எடத்துல குதிரைய எரிச்சியான்னு நாளைக்கி ஊர்ல கேப்பான். நான் இன்னா பதில் சொல்றது?” கடைசியில் ஒரு வழி சொன்னார். குருசுக்குப்பத்துக்கு வடக்கே அம்மா வீட்டுக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பு இருந்தது. விறகும் அங்கேயே இருக்கிறது, கேட்கிற ஆளும் இல்லை. அங்கே என்றால் வந்து அடுக்கித் தருகிறேன் என்றார்.

மத்தியானம் கட்டை வண்டியில் முசே கிளம்பியது. முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பின்னால் நடந்தார்கள். யாரோ ஒரு பூக்காரம்மா சாமந்தி மாலை ஒன்றைக் கொண்டுவந்து கழுத்தில் போட்டாள். மாலை விழுந்த பிறகு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்கள். குப்பத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

தோப்பில் கலியமூர்த்தி சவுக்குக் கட்டையை அடுக்கி வைத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு நாவிதர் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். பெட்டிமேல் ஒரு புது வேட்டி.

“வா, வந்து உக்காரு” என்றார்.

“எதுக்கு அண்ணே?”

“எதுக்கா? கொள்ளி வைக்கிறவன் தலையும் மீசையுமா நிப்பியா? அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. வேட்டியும் அவுங்க குடுத்ததுதான்.”

“குதிரைக்குத்தானே அண்ணே.”

“அது எனக்குத் தெரியாதுப்பா. வூட்டு வழக்கப்படி செய்யணும்னாங்க. வேணும்னா நீ போயி அம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வா.”

அம்மாவாசை உட்கார்ந்தான். முடிதானே, வளர்ந்துவிட்டுப் போகிறது. இன்றைக்கு ஒரு நாள். கத்தி மீசையில் பட்டபோது மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவனுடைய அப்பா செத்தபோதுதான் கடைசியாக அதை எடுத்தது.

வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே சேற்று மண்ணைப் பூசி மெழுகினார் கலியமூர்த்தி. முகத்தை மட்டும் கடைசிவரை மூடாமல் விடச் சொன்னான் அம்மாவாசை. வாய்க்கரிசி போட வேண்டும் என்றார்கள். காலையில் ஊட்டாமல் மிஞ்சிய வெந்த கொள்ளைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தான். அதை எடுத்துப் போட்டான். நெற்றி வெள்ளையைத் தடவிக்கொடுத்தான். அப்போது அவனுக்கு உண்மையாகவே சொந்தத்தில் ஒரு சாவு என்றுதான் இருந்தது, நடிப்பில்லை.

“புள்ள எங்க? புள்ள முன்னால வா” என்று கலியமூர்த்தி கூப்பிட்டார். வாய்ப் பழக்கம்; தினம் கூப்பிடுகிற வாய். கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை முறைத்தான். அம்மாவாசை முன்னால் வந்தான். தோளில் தண்ணீர்க் குடத்தை ஏற்றினார்கள். சுற்றினான். குடத்தில் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் முதுகில் வழிந்தது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். கொள்ளியை வாங்கி வைத்தான்.

“திரும்பிப் பாக்காத. நேரா போ.”

நேராகப் போனான். கடலோரமாக நடந்தான். ஈர வேட்டி காற்றில் காய்ந்தது. நடக்க நடக்க உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. நாளைக்குச் சாம்பலை அள்ளிக் கடலில் விட்டால் முடிந்தது. மேடை கிடையாது, மாடக்குழி கிடையாது, விளக்கு கிடையாது. பாகூர் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார வேண்டும். சின்னவளுக்கு மார்க்கெட்டில் ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். இந்த மொட்டைத் தலையைப் பார்த்து அவள் இன்னும் சத்தமாக அழுவாள் என்று நினைத்துத் தானாகச் சிரித்தான். அவன் வாழ்க்கையில் அந்த ஒரு நடைக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. குருசுக்குப்பத்திலிருந்து வீடு வரைக்கும்தான் அது நீடித்தது.

வீட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் அவன் எப்போதும் நுழைவான். அன்றைக்கு அம்மா முன்வாசலில் நின்றிருந்தார். நிலைப்படிக்கு உள்ளே விளக்கு எரிந்தது. மழித்த முகத்தோடும் புது வேட்டியோடும் அவன் தெருவில் வருவதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அம்மா இதுவரை யார்மேலும் வைத்து அவன் கண்டதில்லை.

“கால் கழுவிட்டு உள்ள வந்து விளக்கப் பாரு” என்றார். “கூடத்துல இலை போட்டிருக்கு.”

“நான் பின்னாலயே...”

“கொள்ளி வச்சவன் பின்னால உக்காந்து சாப்பிடக் கூடாது. வா.”

இத்தனை வருஷத்தில் அவன் பெருக்குவதற்குக்கூட அந்தக் கூடத்தில் அதிகம் கால் வைத்ததில்லை. சக்கரபாணி படத்துக்குக் கீழே இலை. அம்மாவே பரிமாறினார். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிடு, மெதுவாகச் சாப்பிடு என்றார். அம்மாவாசைக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. நாலு சுவரும் கிட்டக் கிட்ட வந்தன.

“பதினாறுக்குத்தான் கருமாதி. அதுவரைக்கும் தீட்டு. வாசப்படி தாண்டாத. லாயத்துப் பக்கம் படுக்க வேணாம், கூடத்துலயே படுத்துக்க.”

“சரிம்மா” என்றது அவன் வாய்.

குதிரைக்குத் தீட்டு என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? இருக்காது. ஆனால் அவனே அல்லவா வெளியாளா என்று கேட்டான்? கேட்ட வாயால் இப்போது அது வெறும் குதிரை என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் மொட்டைத் தலை கேட்காதே. மறுநாள் சாம்பல் கரைத்துவிட்டு வந்ததும் கதவுக்குள் போனவன்தான். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். கேலியாக வந்தவர்கள்கூட அவன் முகத்தைப் பார்த்ததும் கேலி மறந்து, ‘எல்லாருக்கும் ஒருநாள் இருக்குதுப்பா’ என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில் சின்னப்பொண்ணு வந்தாள். குதிரை செத்த செய்தி பாகூர் வரைக்கும் போயிருந்தது. மற்றது போகவில்லை. தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அவன் துணிமணியை மூட்டை கட்ட ஒரு சாக்குப் பையும் மடித்து இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாசலுக்கு வந்தவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது.

“ஐயோ. யாரு செத்தது?”

“முசே.”

“அது தெரியும். இது யாருக்கு?” என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினாள்.

“முசேவுக்குத்தான். நான்தான் கொள்ளி வச்சேன்.”

சின்னப்பொண்ணு அவனையே பார்த்தாள். “குழி தோண்டி மூடிட்டு வர வேண்டியதுதானே?”

அவன் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். மேடையைச் சொன்னான். விளக்கைச் சொன்னான். உன்னிடம் வருவதற்காகத்தான் எரிக்கலாம் என்றேன் என்பதையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கோபப்பட நினைத்து, முடியாமல் போனது அவள் முகத்தில் தெரிந்தது.

“நாளைக்கி விதைக்கிறாங்க” என்றாள். “விதை மல்லாட்டய ஒடச்சி வச்சாச்சி. கொள்ளி வச்ச கையால அதத் தொட அண்ணன் வுடுமா? வூட்டுக்குள்ளயே வுடாது. சரி, பதினாறு முடியட்டும். வேற யாரு கொல்லைலயாவது கூலிக்கிப் போவோம். பதினாறு முடிஞ்சதும் வந்துடு.”

அப்போதுதான் சுலோசனா அம்மா உள்ளேயிருந்து வந்தார். சின்னப்பொண்ணைப் பார்த்து, “வந்துட்டியா, நல்லதாப் போச்சு” என்றார். நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார். அதில்தான் தொல்லையே.

“உன் புருஷன் அன்னிக்குச் சொன்ன ஒரு வார்த்தை என் கண்ணத் தொறந்துடுச்சு. ஐயாவுக்கு அவரு அண்ணன் மகன் வச்சான் கொள்ளி. வச்ச கையோட இந்த வீட்ட அளந்து பார்த்துட்டுப் போனான். எனக்கு அவன் வைக்கிற நெருப்பு வேணாம். நான் முடிவு பண்ணிட்டேன். முசேவுக்கு வச்ச கைதான் எனக்கும் வைக்கணும். சாதிசனம் என்ன வேணா சொல்லட்டும். எனக்கும் ஒரு புள்ள இருக்கான்.” அம்மாவாசை பக்கம் திரும்பினார். “என் காலம் முடியிற வரைக்கும் நீ எங்கயும் போகக் கூடாது. போயிட மாட்டியே?”

அம்மாவாசை தன் பெண்டாட்டியைப் பார்த்தான். வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தையை மறுபடி தேடினான். ஒரு தடவை சொன்னதற்கு வந்து விழுந்த பலன் அம்மாவாக எதிரே நின்றுகொண்டிருந்தது. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பதிலுக்காக, கண்ணில் நீரோடு.

“மாட்டேம்மா” என்றான்.

“பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு நீயும் இங்கயே வந்துடேன், சின்னப்பொண்ணு. லாயத்தத்தான் இனிமே ஒழிச்சுத் தரலாமே” என்றார் அம்மா. யோசித்துச் சொல் என்றுவிட்டு உள்ளே போனார்.

அம்மாவுக்கு இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. கம்பு மாதிரி உடம்பு. அவருடைய தாயார் தொண்ணூறு தாண்டியும் பல்லால் முறுக்குக் கடித்தவர் என்று அந்த வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இதெல்லாம் சின்னப்பொண்ணுக்கும் தெரியும்.

“எம் பொண்ணுங்கள இங்க கொண்டாந்து வுட மாட்டேன்” என்றாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ஒரு வாயில்லா ஜீவன் எப்ப சாவும்னு இத்தினி வருஷம் காத்துக்கினு கெடந்தேன். பாவம்னு தெரிஞ்சேதான் காத்துக்கினு கெடந்தேன். இப்ப இந்தம்மா எப்ப சாவாங்கன்னு காத்துக்கினு இருக்கணுமா?”

அவள் சாக்குப் பையை அவன் கையில் கொடுக்கப் போனவள், கொடுக்காமல் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். அவன் வாசப்படி வரைக்கும் போனான். தாண்டக் கூடாது என்பதால் அங்கேயே நின்றான். தெருமுனையில் அவள் திரும்புவாளா என்று பார்த்தான். அவள் நேராகப் போய்விட்டாள்.

உள்ளே அம்மா இருமினார். ஒரு தரம், இன்னொரு தரம்.

அம்மாவாசையின் காது தானாக அந்தப் பக்கம் போனது. வெறும் சளியா, நெஞ்சிலிருந்து வருவதா என்று உற்றுக் கேட்டது. கேட்டுக்கொண்டு நிற்பது அவனுக்கே பிறகுதான் உறைத்தது. உறைத்ததும் உடம்பெல்லாம் கூசிப்போய், கதவைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மாவாச.” உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தோ வரேம்மா. வெந்நி வைக்கட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான்.